சிவப்புத் திரையும் ஆட்டின் ஒன்பதும்

சீட்டுக்கட்டைத் திருப்பி வைக்கலாம் என்று பிஸ்கட் டின்னைத் திறந்தேன். உன் தலைவலித் தைலத்தின் வாசனைதான் முதலில் வந்தது. நெற்றியில் தடவிய விரலாலேயே சீட்டைப் பிரிப்பாய். நான் கத்துவேன். கைக்குட்டையில் விரலைத் துடைப்பது போலப் பாவனை செய்துவிட்டு, அதே விரலால் மறுபடியும் பிரிப்பாய். நீ போய் இத்தனை வருஷமாகியும் இருபத்து நான்கு சீட்டும் மணக்கின்றன. டின்னின் அடியில் துரு ஏறிய ஊக்கு ஒன்று கிடந்தது. எந்தத் திரையில் குத்தியிருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் உங்கள் யாழ்ப்பாணத்தார் சங்கத்தில் சீட்டாட்டத்தின் இறுதி ஆட்டம் நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் கடைசிக் கையை முதலில் சொன்னால் உனக்குப் பிடிக்காது. எந்த ஆட்டத்தையும் முதல் சீட்டிலிருந்து கேட்பவள் நீ. அதனால் நானும் முதலிலிருந்தே வருகிறேன்.

எழுபதுகளில், பல்கலைக்கழக ஹாஸ்டலில் நம் இருவருக்கும் ஒரே அறை கிடைத்தது. நான் பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவள். நீ பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவள். அப்பா ரயில்வேயில் அதிகாரி, வீட்டில் யாழ்ப்பாணப் பேச்சு. முதல் நாளே "நீர் எந்த ஊர்?" என்று கேட்டாய். 'நீர்' என்று என்னை யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. இவளுக்கு என் மேல் என்ன கோபம் என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆட நாலாவது ஆள் கிடைக்காமல், சீட்டுக்கட்டோடு என் கட்டிலில் வந்து உட்கார்ந்துவிட்டாய்.

அது உங்கள் வீடுகளின் ஆட்டம். நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. ஜாக்கிக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது என்று எண்ணிக்கொண்டே போனால் கட்டு முழுவதற்கும் முந்நூற்று நாலு. எதிரில் இருக்கும் நம் ஜோடியிடம் என்ன சீட்டு இருக்கிறது என்று கேட்கவும் கூடாது, கண்ணால் ஜாடை காட்டவும் கூடாது. எனக்கு அந்த விதிதான் பிடித்துப்போனது. கணக்குப் படித்தவளுக்கு வேறென்ன பிடிக்கும்?

ஆனால் ஆட்டத்தை விட நாம் அதிகம் செய்தது பேச்சு. ஆடி முடித்த ஒவ்வொரு கையையும் பிரித்துப் போட்டுப் பேசினோம். "இப்பிடி ஒரு கை வந்தால் என்ன செய்வீர்?" என்று நீ கேட்பாய், நான் சொல்வேன், நீ மறுப்பாய். ஹாஸ்டலில் தொடங்கிய அந்தப் பேச்சு, கிள்ளானில் ஒரே பள்ளியில் நீ இயற்பியலும் நான் கணக்கும் சொல்லிக்கொடுக்கப் போன பிறகும் ஓயவில்லை. பஸ்ஸில் பேசினோம். பரீட்சை மேற்பார்வை முடிந்து படியிறங்கும்போது பேசினோம். என் கல்யாணத்தன்று மேடைக்கு வந்து என் காதில் நீ சொன்னது வாழ்த்து என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார். துருப்பு இல்லாத கையில் ஏஸை எப்போது இறக்குவது என்பதைத்தான் சொன்னாய்.

அந்தப் பேச்சில் பிறந்ததுதான் நம் ஒன்பது. ஒருவர் ஜாக்கியை இறக்கினால், ஜோடியாக இருப்பவர் அதே இன ஒன்பதைக் கையில் பிடித்துக்கொள்வதுதான் எல்லோருக்கும் வழக்கம். ஜாக்கி போனபின் ஒன்பதுதானே ராஜா! நாம் மாற்றி வைத்தோம். மற்றவர்கள் வெட்ட மாட்டார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் நம்மில் ஒருவர் ஜாக்கியை இறக்க வேண்டும். அப்படி இறங்கினால் மற்றவர் கேள்வி கேட்காமல் ஒன்பதை அதன் மேல் போட்டுவிட வேண்டும். ஒரே பிடியில் ஐம்பது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனம். ஆனால் பைத்தியக்காரத்தனம் ஞாயிறுதோறும் ஜெயித்துக்கொண்டிருந்தால் பார்ப்பவர்களுக்கு வயிறு எரியத்தானே செய்யும்?

நூற்றாண்டு முடியச் சில மாதங்கள் இருந்தபோதுதான் வம்பு வந்தது. வாயைக் கொடுத்து அதை வாங்கியவள் நீ.

பல்கலைக்கழக நூலகத்தில் சனிக்கிழமைகளில் கட்டுரைகளை நகலெடுத்து வருவது உன் பழக்கம். அப்படி ஒரு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, கிள்ளானிலிருந்து போகும் கொமுட்டர் ரயிலில் உட்கார முடியாமல் தவித்தாய். குவாண்டம் விளையாட்டு என்று புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது என்றாய். போலீஸ் இரண்டு பேரைப் பிடித்துத் தனித்தனி அறையில் வைக்கிறது. ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தால் தனக்கு நல்லது என்று இருவருமே நினைப்பார்கள். கடைசியில் இருவரும் கெடுவார்கள். இது பழைய கணக்கு, எனக்கும் தெரியும். புதுக் கட்டுரையில் அந்த இருவருக்கும் ஆளுக்கொரு துகள் கொடுக்கிறார்கள். இரண்டும் பிணைந்த துகள்கள், எத்தனை தூரம் பிரித்தாலும் ஒன்றின் விடையும் மற்றதன் விடையும் ஒத்துப்போகும். தன் முடிவை அந்தத் துகளின் வழியாகத்தான் ஒவ்வொருவரும் செய்ய வேண்டும். அப்படி ஆடினால் பழைய ஆட்டத்தில் இல்லாத புது நகர்வு ஒன்று பிறக்கிறது. அதன் பிறகு காட்டிக்கொடுப்பதில் லாபமே இல்லை.

அப்படியென்றால் துகள்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்புகின்றன என்றுதானே அர்த்தம் என்று நான் மடக்கினேன். பக்கத்தில் நின்றுகொண்டு வந்த மலாய்க்காரப் பெண் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் தலையை ஆட்டினாய்.

"ஒரு சொல்லும் போகேல்லை. போகாமலே ஒத்துப்போகுது. அதுதான் விசயம்."

இதை என்னோடு நிறுத்தியிருக்கலாம். சங்கத்தில் தேநீர் வேளையில், கையில் வடையோடு, செக்ரட்டரி அங்கிளுக்கும் அவர் மைத்துனருக்கும் விளக்கிவிட்டாய். அங்கிள் தபால் இலாகாவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் மைத்துனரும்தான் பல வருஷமாகச் சங்கத்தின் முதல் ஜோடி. பேசாமலே ஒருவர் மனதில் இருப்பது இன்னொருவருக்குத் தெரிகிற மாதிரி ஆடலாம் என்று விஞ்ஞானிகளே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நீ ஆனந்தமாகச் சொன்னாய். அவர் வடையை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அரையிறுதியில் நாம் ஜெயித்தோம்; இறுதியில் நமக்கு எதிரே அங்கிளும் மைத்துனரும்தான். நான் ஜாக்கியை இறக்கினேன், நீ ஒன்பதைப் போட்டாய். செக்ரட்டரி அங்கிள் எழுந்து நின்றார். நாம் அளாப்புகிறோம் என்றார். ஆட்டத்தில் ஏமாற்றுவதற்கு உங்கள் வீடுகளில் சொல்லும் அந்தச் சொல்லை அதுவரை குழந்தைகளைத் திட்டும்போதுதான் நான் கேட்டிருந்தேன்.

"இவ ஒன்பதைப் போடுறது ஒருநாளும் பிழைக்கேல்லை. கண் கதைக்காமல் கை கதைக்குமோ? போன கிழமை டீச்சரே தன்ட வாயால சொன்னவ, பேசாமல் ஆடுற வித்தை இருக்கெண்டு."

உன் இயற்பியல் பாடத்தை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு தவறு நம் சங்கத்தைத் தவிர வேறெங்கும் நடந்திருக்காது. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் பெயரை நீக்கி, காரணத்தையும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம் என்றார்கள். பள்ளிக்கும் ஒரு கடிதம் போகும் என்றார் மைத்துனர். பரீட்சையில் பார்த்து எழுதும் பிள்ளைகளைப் பிடிக்கும் டீச்சர்கள் இருவர், சீட்டாட்டத்தில் கள்ளம் செய்தார்கள் என்று ஊருக்குத் தெரிந்தால் மறுநாள் வகுப்பில் எந்த முகத்தோடு நிற்பது? பின்வரிசையிலிருந்து இன்னொரு குரலும் வந்தது. தோட்டத்துப் பிள்ளைக்குத் தங்கள் ஆட்டம் இவ்வளவு தூரம் எப்படிப் பிடிபட்டது என்று கேட்டது அது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"நான் போறேன்லா. எனக்கு இந்த ஆட்டமே வேணாம்," என்றேன்.

நீ என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாய். பிறகு அங்கிளிடம், கோபமே இல்லாமல், ஒரு சோதனைக்குச் சம்மதமா என்று கேட்டாய். இறுதி ஆட்டத்தில் மேசைக்குக் குறுக்கே, மூலைக்கு மூலை, ஒரு திரை கட்டுவோம். ஒரு பக்கம் நானும் அவர் மைத்துனரும், மறுபக்கம் நீயும் அவரும். ஜோடியின் முகம் ஜோடிக்குத் தெரியாது. எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கேட்பதைத் துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையின் அடியால் தள்ள வேண்டும், சீட்டும் அப்படியே. ஜாடை இருந்தால் திரை அதைக் கொன்றுவிடும்; நாம் தோற்போம்; தோற்றால் அவர்கள் என்ன வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். ஜெயித்தால், சொன்ன சொல்லைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் திரும்பப் பெற வேண்டும். அங்கிள் உடனே சம்மதித்தார். அவருக்கு அது கையில் விழுந்த பழம்.

அந்த வாரம் முழுவதும் எனக்குத் தூக்கம் இல்லை. உன் தோளைப் பார்க்காமல் நான் ஆடியதே இல்லையே! எனக்கே தெரியாமல் உன் முகத்தில் எதையாவது படித்துக்கொண்டிருந்தேனோ, அவர்கள் சொல்வது உண்மைதானோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பள்ளிக் கேன்டீனில் உன்னிடம் அதைச் சொன்னேன். மீ கோரெங் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே நீ சொன்ன பதில் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

"கதைச்சு வைச்சதைத் திரை மறைக்கேலாது. நீர் பேசாமல் சாப்பிடும்."

ஞாயிறு வந்தது. பழைய ரயில்வே குவார்ட்டர்ஸை இடித்துப் பெரிய ஸ்டேஷன் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. சங்கத்து ஜன்னலெல்லாம் புழுதி. நவராத்திரி நாடகத்துக்கு வைத்திருந்த சிவப்புத் திரையை உன் தங்கைதான் கயிற்றில் போட்டு ஊக்குக் குத்தினாள். சீட்டாட்டம் என்றாலே தலைவலி என்பாள் அவள், உனக்காக வந்திருந்தாள். நீ வளையலைக் கழற்றினாய், கடிகாரத்தைக் கழற்றினாய். சத்தத்தால் சேதி சொன்னோம் என்ற பேச்சும் வரக்கூடாதாம். என்னையும் கழற்றச் சொன்னாய். அதோடு விட்டாயா? எல்லோருக்கும் கேட்கும்படி நம் ஒன்பதின் ரகசியத்தையும் வாசித்துவிட்டாய். ஜாக்கி இறங்கினால் ஒன்பது விழும், இது நாங்கள் பேசி வைத்தது, வேண்டியவர்கள் எழுதிக்கொள்ளலாம் என்றாய்.

ஆட்டம் இழுபறியாகப் போனது. கடைசிக் கையில் அங்கிள் பெரிய புள்ளிக்கு ஏலம் கேட்டுவிட்டார். அவர்களைத் தடுக்க வேண்டுமானால் நமக்கு ஒரே ஒரு பெரிய பிடி வேண்டும். என் கையில் இரண்டு சீட்டு மிச்சம். ஒன்று ஆட்டின் ஜாக்கி; சிவப்பு இதயச் சீட்டுகளுக்கு உங்கள் வீடுகளில் ஆட்டின் என்றுதான் பெயர். துருப்பு ஒன்று இன்னும் வெளியே வரவில்லை. அது அங்கிளிடம் இருந்தால் நீ போடும் ஒன்பதும் சேர்த்து ஐம்பதையும் அள்ளிக்கொண்டு போவார். என் பக்கத்தில் இருந்த மைத்துனர் முந்தின பிடியில் பதறிய விதத்தையும், விழுந்த சீட்டுகளையும் வைத்து எண்ணினேன். துருப்பு இவரிடம்தான் இருக்கிறது. ஆட்டினும் ஒன்று இருக்கிறது; இறங்கிய இனம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும், ஆகவே இவரால் இப்போது வெட்ட முடியாது. எண்ணியது சரிதானா என்று உன் முகத்தைப் பார்க்க நிமிர்ந்தேன். சிவப்புத் துணிதான் தெரிந்தது.

ஜாக்கியை இறக்கினேன். மைத்துனர் வேண்டா வெறுப்பாக ஆட்டின் பத்தைப் போட்டார். பிறகு திரையின் அடியால் ஒரு சீட்டு, தயக்கமே இல்லாமல், நேராக வழுக்கி வந்து என் ஜாக்கியின் மேல் நின்றது. ஆட்டின் ஒன்பது. உன்னிடம் மிச்சமிருந்தது ஆட்டின் ராஜா என்று பிறகுதான் பார்த்தேன்; அதைப் போட்டு ஒன்பதைப் பிடித்து வைத்திருக்கலாம். ஒன்பதின் பின்னாலேயே அங்கிளின் ஆட்டின் ராணி, மெதுவாக வந்தது. கூடத்தில் யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கைதட்டினார்கள். நான் திரையை விலக்கிவிட்டு உன்னைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தேன். நீ தைல விரலால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

அங்கிளுக்கு மனம் ஆறவில்லை. பேசி வைத்தால் தாங்களும் எதையும் செய்வோம் என்றார். நீ அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி, திரையை அவிழ்க்க வேண்டாம் என்று தங்கையிடம் சொன்னாய். அங்கிள் ஒரு பக்கம், மைத்துனர் மறுபக்கம். தங்கை ஒவ்வொருவரிடமும் சிவப்புத் துண்டோ வெள்ளைத் துண்டோ காட்டுவாள். அவர்கள் 'ஓம்' அல்லது 'இல்லை' என்று எழுதித் தர வேண்டும். இருவருக்கும் சிவப்பு வந்தால் விடைகள் மாறியிருக்க வேண்டும். மற்ற எப்படி வந்தாலும் ஒத்திருக்க வேண்டும். பன்னிரண்டு முறை. முதல் தடவை ஏழு சரி வந்தது. இருவரும் மூலையில் போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டு வந்தார்கள், ஒன்பது. மறுபடியும் பேசினார்கள், மறுபடியும் ஒன்பது. உங்களால்தான் கெட்டது என்று மைத்துனர் அங்கிளைத் திட்ட, கூடமே சிரித்தது.

அப்போதுதான் நீ சாக்பீஸ் இல்லாத குறையாக எழுந்து பாடம் நடத்தினாய். எவ்வளவு பேசி வைத்தாலும் நாலுக்கு மூன்றுதான்; அதிர்ஷ்டம் ஒருநாள் தாண்ட வைக்கலாம், நாள்தோறும் தாண்ட வைக்காது. இரண்டு பேரிடமும் பிணைந்த துகள்கள் இருந்தால் மட்டும், சேதி எதுவும் போகாமலே, நூற்றுக்கு எண்பத்தைந்து வரை போகலாம். ஆகவே மனிதர்கள் பேசி வைப்பது ஒன்று, ஜாடை காட்டுவது இன்னொன்று, இயற்கை பிணைத்து வைப்பது மூன்றாவது. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டு இரண்டு டீச்சர்களைக் கள்ளிகள் என்று சொல்லிவிட்டீர்கள் என்றாய். அங்கிள் அறிவிப்புத் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்தார். உன்னிடம் வரவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"பிழை என்னுடையது, பிள்ளை. இது உங்கட ஆட்டமும்தான்."

எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான். அன்று நமக்குக் கொடுத்த கோப்பை எங்கே போனதோ தெரியாது. அந்த வரி போகவில்லை.

திரும்பும் ரயிலில் நான் மிதப்பில் இருந்தேன். நாம்தான் அந்தப் பிணைந்த துகள்கள் என்று கவிதையாக ஏதோ உளறினேன். நீ ஒரே வெட்டில் நிறுத்தினாய். "விசர்க்கதை கதையாதையும். துகளுக்குப் பிணைப்புத் தானா வந்தது. நாங்கள் இருபத்தஞ்சு வருசம் கதைச்சுச் சேர்த்தது." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். கிள்ளான் வரும்வரை உன் கை என் கை மேல் இருந்தது.

இனி போன ஞாயிறு. நீ போனபின் நான் சங்கத்துப் பக்கமே போகவில்லை. யாரோடு ஆடுவது? இந்த வருஷம் உன் தங்கை வீட்டுக்கு வந்து, ஜோடியாகப் பெயர் கொடுத்துவிட்டேன் என்று நின்றாள். தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தான்! அவளோடு ஒரு கை கூட நான் பேசி வைத்ததில்லை. தோற்றுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். எப்படியோ இறுதி வரை வந்துவிட்டோம். இறுதி ஆட்டம் என்றால் மேசைக்குக் குறுக்கே சிவப்புத் திரை கட்டுவது இப்போது அங்கே வழக்கமாகிவிட்டது, தெரியுமா? ஏன் கட்டுகிறார்கள் என்று இளவட்டங்களுக்குத் தெரியாது. பெரிய ஆட்டத்துக்கு அதுதான் முறை என்கிறார்கள். நான் வளையலைக் கழற்றி வைத்ததைப் பார்த்து அவர்களும் கழற்றினார்கள்.

கடைசிக் கையில் என்னிடம் ஆட்டின் ஜாக்கி இருந்தது. நான் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை. சீட்டுக்கும் குறும்பு உண்டு. எண்ணினேன். இறக்கலாம் என்று வந்தது. ஆனால் அந்தப் பக்கம் நீ இல்லையே. ஒன்பது அவளிடம் இருந்தாலும், எல்லோரையும் போல அவள் அதைப் பிடித்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். இருந்தும் கை கேட்கவில்லை. பழக்கத்தில் இறங்கிவிட்டது ஜாக்கி.

திரையின் அடியால், தயக்கமே இல்லாமல், ஆட்டின் ஒன்பது வந்தது.

ஜெயித்த சத்தமெல்லாம் அடங்கிய பிறகு உன் தங்கையிடம் எப்படி என்று கேட்டேன். கடைசி மாதங்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், நீ தினமும் அவளுக்குக் கைகளைப் போட்டுக் காட்டிப் பேசி வைத்தாயாம். தனக்கு ஆட்டமே பிடிக்காது என்று அவள் சொன்னதற்கு, "இது உனக்காக இல்லை" என்றாயாம்.

"அக்கா சொன்னவ, நீங்கள் ஒருநாள் ஜாக்கியை இறக்குவீங்களாம். அண்டைக்கு எதிரில் ஒன்பதோட ஒரு ஆள் இருக்கவேணுமாம்."